இடது மூலையில் ஒரு எண்

மருதப்பனிடம் ஒரு பொருளைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது. ஃபேரர் பார்க் பக்கம் வடை வாங்கித் தின்றால் எண்ணெயில் குறை கண்டுபிடிப்பார். புதுக் குடையை விரித்ததும் கம்பியைச் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மகள் யாமினி தனக்குப் பிடித்த பையனை வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினாள். அவன் போன பிறகு, "ஆள் பரவால்ல, கதவைத்தான் சாத்தத் தெரியல" என்றார். அந்தப் பையன்தான் இப்போது மாப்பிள்ளை. இருவரும் மெல்பர்னில் இருக்கிறார்கள். அங்கே கதவை எப்படிச் சாத்துகிறான் என்று போய்ப் பார்க்க அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

குறை எப்போதும் பொருளில்தான் இருக்கும், பார்க்கிறவனிடம் இருக்காது. இது அவருடைய சித்தாந்தம்.

தொழில் பஸ் ஓட்டுவது. இருபது வருடங்களுக்கு மேலாக ஓட்டுகிறார். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் கையில் இருக்கும் காப்பி தளும்பாது என்று அவரே சொல்லிக்கொள்வார். பஸ்ஸில் காப்பி குடிக்கக் கூடாது என்பது வேறு விஷயம். புக்கிட் பாத்தோக் வீட்டில் அவருடைய சீருடையை மனைவி பாக்கியலட்சுமி ஞாயிற்றுக்கிழமை காலையே தேய்த்துக் கதவில் மாட்டிவிடுவார். திங்கட்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது மருதப்பனுக்கு ஒரு மிடுக்கு வரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குறை கண்டதில்லை.

மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அப்போது பிடித்தது ட்ரோன் பைத்தியம். கல்யாணத்தில் தலைக்கு மேல் நின்று படம் பிடிக்குமே, அந்தச் சாதுவான வகை அல்ல. இது சின்னது, துடுக்கானது. முகத்தை மூடுகிற காகல்ஸை மாட்டிக்கொண்டால், ட்ரோனின் மூக்கில் இருக்கும் கேமரா பார்ப்பதெல்லாம் நேரே நம் கண்ணுக்கு வந்துவிடும். ஆள் உட்கார்ந்திருப்பது ஸ்டூலில், பறப்பது கிளைகளுக்கு நடுவில். குட்டிக்கரணம் போடலாம். மரத்தின் உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து புல்லைத் தொடும் நேரத்தில் நிமிரலாம். வாரமெல்லாம் கோட்டுக்குள்ளேயே ஓட்டுகிற மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் காகல்ஸ் மாட்டியவனுக்குச் சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. அதனால் பக்கத்தில் இன்னொருவர் வெறும் கண்ணோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பறக்கவிடுகிறவர்கள் அந்த ஆளை 'ஸ்பாட்டர்' என்பார்கள். மருதப்பனுக்கு ஸ்பாட்டர் பாக்கியம்தான். "எனக்கு வேற வேலை இல்லையா லா" என்று முனகிக்கொண்டே வருவார். அனுமதியுள்ள திடலுக்கு ரயில் மாறிப் போக வேண்டும். மடக்கு ஸ்டூல், குடை, ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர். கணவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, "காக்கா வருது! ஆள் நடக்குது! மரம், மரம்!" என்று கத்துவார். திடலில் மற்றவர்கள் சிரிப்பார்கள். உள்ளுக்குள் பாக்கியத்துக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அவர் சொல்வதைக் கணவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ரிமோட்டில் விரல் அசைந்தது.

மருதப்பன் தமிழில் ட்ரோன்களை மதிப்பிட்டு யூடியூபில் வீடியோ போடுவார். பார்க்கிறவர்கள் அதிகமில்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் நம்பினார்கள். கப்பல் பட்டறையிலும் கட்டுமான வேலையிலும் இருக்கிற பையன்கள், முதல்முறையாக ஒரு ட்ரோன் வாங்குவதற்கு முன், "மருதப்பன் அண்ணன் என்ன சொன்னாரு?" என்று பார்ப்பார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் இல்லாத நல்லதைச் சொல்ல மாட்டார் என்று பெயர்.

ஃபேரர் பார்க்கில் தங்கராஜு சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். செல்போன் உறை, சார்ஜர், ரிமோட் கார், ட்ரோன் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒருநாள் அவர் ஒரு பெட்டியை நீட்டினார். பெட்டி மேலிருந்த பெயரை இருவராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு ட்ரோன், காகல்ஸ், ரிமோட்.

"அண்ணே, பெரிய பிராண்டுல காகல்ஸ் மட்டும் வாங்குற காசுக்கு இதுல முழு செட்டும் வருது. நம்ம பசங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும். நீங்க ஓட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் தங்கராஜு.

"நல்லாயிருந்தா நல்லாயிருக்குன்னு சொல்வேன். இல்லன்னா..."

"தெரியும் அண்ணே. கிழிச்சித் தொங்கவிட்டுருவீங்க."

மருதப்பன் அதற்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்தார். முதல் ஞாயிறு சிட்டு அவரை மயக்கிவிட்டது. சொன்ன இடத்தில் திரும்பியது. புரட்டிவிட்டு விரலை எடுத்தால் தானாக நிமிர்ந்து நின்றது. கிளைகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார், உரசாமல் வெளியே வந்தது. காகல்ஸுக்குள் இருந்தபடியே, "பாக்கியம், இது குட்டிச்சாத்தான்!" என்று சத்தம் போட்டார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு அது.

அப்புறம் அது விழுந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே உயிர் போனதுபோல் நின்று, பொத்தென்று புல்லில் விழுந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. பேட்டரியை மாற்றினார். நன்றாகப் பறந்தது, மறுபடி விழுந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை. இந்தத் தடவை கல்லில் விழுந்து இறக்கை முறிந்தது.

இந்த வகை ட்ரோனில் படத்தின் கீழே, இடது மூலையில், பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு எண் தெரிய வேண்டும். தீரப்போகிற நேரத்தில் அது மின்னி மின்னி, 'இறக்கு' என்று கெஞ்ச வேண்டும். மருதப்பனின் பழைய ட்ரோனுக்கு ரிமோட்டே கீச்கீச்சென்று கத்தும், மூலையைப் பார்க்கிற வேலை இல்லை. மலிவு விலைச் சிட்டுக்கு அந்தக் கத்தல் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண் வரவே இல்லை என்பதுதான் மருதப்பன் கண்ட குறை.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முறிந்த இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, பாக்கியம் போனைப் பிடிக்க, திடலில் நின்றபடியே தீர்ப்பைச் சொன்னார். "நல்லா பறக்கும், ஒத்துக்குறேன். ஆனா எச்சரிக்கை பண்ணாது. எப்ப விழும்னு சொல்லாத வண்டிய நான் ஓட்ட மாட்டேன். நீங்களும் வாங்காதீங்க."

அந்த வாரமே தங்கராஜு போன் செய்தார். "அண்ணே, வாங்குனவங்க எல்லாம் பெட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறாங்க. எனக்கு அந்த நம்பர் தெரியுது, என் பையனுக்குத் தெரியுது. உங்களுக்கு வந்த பீஸ்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும். காகல்ஸ கொண்டாங்க, அதுல ரெக்கார்டு ஆகியிருக்கும்லா, பாத்துருவோம்."

பதிவைப் பார்க்க வேண்டும் என்று மருதப்பனுக்குத் தோன்றவே இல்லை. தான் பார்த்ததற்கு மேல் ஒரு சாட்சி எதற்கு?

ஞாயிறு மத்தியானம் இருவரும் கடைக்குப் போனார்கள். வெளியே லீவு நாள் கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. மருதப்பன் இரண்டு பேர் மீது இடித்துவிட்டு, இரண்டு பேரையும் முறைத்தார். கடைக்குள் தங்கராஜு காகல்ஸிலிருந்து கார்டை உருவித் தன் போனில் போட்டார். கைக்குள் அடங்குகிற திரையில் திடல் ஓடியது, மரங்கள் ஓடின. கீழே இடது மூலையில் எண் இருந்தது. குறைந்துகொண்டே வந்தது. பிறகு மின்ன ஆரம்பித்தது. வெள்ளை எழுத்தில், கொட்டை கொட்டையாக, மின்னிக்கொண்டே இருந்தது. அப்புறம் வானம் புரண்டு புல் வந்தது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தார் தங்கராஜு.

மருதப்பன் சிரிக்கவில்லை. "ரெக்கார்டுல வருது. காகல்ஸுக்குள்ள வரல. அதான் கோளாறு."

தங்கராஜு மேசை மேல் சிட்டை வைத்து, தீரப்போகிற பேட்டரி ஒன்றை மாட்டினார். மருதப்பன் காகல்ஸை அணிந்தார். கடைச் சுவர், அலமாரி, தங்கராஜுவின் சட்டை எல்லாம் தெரிந்தது. எண் இல்லை. "பாத்தியா? இல்ல" என்றார், வழக்கில் ஜெயித்தவர் குரலில். பாக்கியம் வாங்கிப் போட்டுப் பார்த்தார். "இதோ இருக்கே. மின்னுது." தங்கராஜு பார்த்தார். இருந்தது. மறுபடியும் மருதப்பன் அணிந்தார். இல்லை. விழிகளை வேண்டுமென்றே கீழே இடது பக்கம் உருட்டினார். இருட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் எண் வந்து நின்றது, மின்னிக்கொண்டு. நேரே பார்த்தார். போய்விட்டது.

பாக்கியம் மெதுவாக அவர் முகத்திலிருந்து காகல்ஸைக் கழற்றினார்.

"என் மூக்கையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது."

"என்ன வெளையாட்டு இது?"

"பாருங்கன்னா பாருங்க."

மருதப்பன் மனைவியின் மூக்கைப் பார்த்தார். மூக்குத்தியும் அதைச் சுற்றி முகமும் தெளிவாகத் தெரிந்தன.

"என் கை ஆடுதா?"

"எந்தக் கை?" என்றார் மருதப்பன்.

அவருடைய இடது பக்கத்தில் பாக்கியத்தின் கை ஆடிக்கொண்டே இருந்தது. தங்கராஜு அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாக்கியத்துக்குக் கண் நிரம்பிவிட்டது. வருடக்கணக்காக அவர் சாப்பாட்டு மேசையில் கணவருக்கு இடது பக்கம்தான் உட்காருகிறார். கொஞ்ச காலமாகக் குழம்புக் கிண்ணத்தை நீட்டினால் வாங்க மாட்டார், கையைப் பிடிக்கப் போனால் கவனிக்க மாட்டார். மகள் போனதும் நானும் வேண்டாதவளாகிவிட்டேன் என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நாட்கள் உண்டு. இப்போது அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய வருத்தமே பரவாயில்லை என்று தோன்றியது.

மருதப்பனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன மாதம், நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு பெண் அலறினாள். பிரேக்கை மிதித்தார். இடது பக்கம், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில், ஒரு சைக்கிள். அதன் மேல் ஒரு கிழவர், வெளிறிய முகத்தோடு. மருதப்பன் கதவைத் திறந்து, ஆகாயத்திலிருந்து குதித்தாயா என்று அவரைத் திட்டினார். கிழவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். வீட்டில் அதைக் கதையாகச் சொல்லி, சைக்கிள்காரர்களுக்கு ஒழுங்கு கிடையாது என்று தீர்ப்பும் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது தேய்த்த சீருடை கதவில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு ஒரு நாள் ஓட்டிடறேன் பாக்கியம். அப்புறம் டாக்டர்ட்ட போவோம். சும்மா கண்ணாடி மாத்தச் சொல்லுவாங்க."

"வேணாங்க."

"போன செக்கப்புல கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சேன். எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுது எனக்கு."

"நேரா இருக்கறது தெரியுது. சைக்கிள் நேரா வரல."

மருதப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடங்களில் தன் தீர்ப்பை யாரும் இப்படித் திருப்பிப் போட்டதில்லை. "நீ வேணா பின்னால உக்காந்துக்கயேன். சைக்கிள், சைக்கிள்னு கத்து" என்றார். அதில் பாதி விளையாட்டு. மீதிப் பாதியில் கெஞ்சல் இருந்தது, அதைக் கேட்கத்தான் பாக்கியத்தால் முடியவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை சீருடையைப் போட்டுக்கொண்டுதான் டிப்போவுக்குப் போனார். கண்ணாடி முன் நிற்கவில்லை. பஸ் தயாராக நின்றது. ஏறி இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் தொடாமல், வழக்கம்போல் நேரே பார்த்தார். எல்லாம் இருந்தது. இதில் என்ன குறை என்று மனம் வாதாடியது. வலிக்கவில்லை, மங்கவில்லை, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. இல்லாத இடம் இல்லாததுபோலவே தெரியவில்லை. பிறகு தலையைத் திருப்பினார். இடது பக்கத்தில் துப்புரவுக்காரர் ஒருவர், எவ்வளவு நேரமாகவோ, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மருதப்பன் இறங்கினார். பணி ஒதுக்கும் மேசையில் சாதியா இருந்தாள், யாமினி வயதுப் பெண்.

"என்ன அங்கிள், டைம் ஆச்சே. உடம்பு சரியில்லயா? எம்.சி. லீவு வேணுமா?"

"எம்.சி. இல்லம்மா." தலையைத் திருப்பி வெளியே நின்ற பஸ்ஸைக் காட்டினார். "வேற ஆள அனுப்பு. எனக்கு லெஃப்ட் சைடு தெரியல."

சாதியா எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. வேறொருவர் வந்து அவருடைய பஸ்ஸை எடுத்தார். வாசலில் திரும்பும்போது பிரேக்கை வெடுக்கென்று போட்டார். யாருடைய காப்பியும் தளும்பியிருக்கும். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்ததை மருதப்பன் விழுங்கிக்கொண்டார்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. ஓரங்களை முதலில் தின்னும், இடது பக்கம் ரொம்பத் தின்றுவிட்டது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து உண்டு. காப்பாற்றிவிடலாமா என்று பாக்கியம் கேட்டார். "முயற்சி செய்வோம்" என்றார் டாக்டர். இருவருக்கும் அந்தப் பதில் புரிந்தது.

உரிமத்தை ஒப்படைத்தார். பாக்கியம் போனைப் பிடிக்க, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு வீடியோ போட்டார். "அந்த மெஷின்ல எந்தக் கோளாறும் இல்ல. எண் சரியா வருது. எனக்குத்தான் கண்ணு போயிருக்கு. வாங்குறவங்க வாங்கலாம்." கீழே ஒன்றிரண்டு பேர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவர், 'கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார்?' என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் நிறைய பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். மருதப்பன் அதன் பிறகு வீடியோ போடவில்லை.

சிட்டை மட்டும் வைத்திருந்தார். தங்கராஜு அதைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த எண்ணைத் திரையில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். மருதப்பன் அதை மூலையிலிருந்து கிளப்பி உள்ளே கொண்டுவந்தார். தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. பாக்கியம் இப்போது வலது பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். மழைக்காலம் வந்தபோது எண்ணை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. தைப்பூசம் முடிந்ததும் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும், "வெயில் கூசுது, அதான்" என்றார். பாக்கியம், "ஆமா, வெயில்தான்" என்றார்.

கடைசியில் எண் நடுவுக்கே வந்துவிட்டது. அன்று திடலில் காற்று இல்லை. சிட்டு எழுந்து, புரண்டு, பழையபடி துடுக்காகப் பாய்ந்தது. மருதப்பன் சிரிப்பதைப் பாக்கியம் பார்த்தார். பேட்டரி குறைந்து எண் மின்ன ஆரம்பித்தது, கொட்டை எழுத்தில், நேர் நடுவில்.

"மரம்!" என்று பாக்கியம் கத்தினார். "மரம், மரம்!"

விரல் அசைவதற்குள் சிட்டு மரத்தில் மோதிக் கீழே விழுந்தது. பெரிய மரம், நேர் எதிரே. எண்ணுக்குப் பின்னால் அது மறைந்திருந்தது. எண் ஓரத்தில் இருந்தால் எண் தெரியாது. நடுவில் இருந்தால் மரம் தெரியாது. இரண்டுக்கும் இடமுள்ள அகலம் அவர் கண்ணில் இனி இல்லை.

பாக்கியம் ஓடிப்போய்ச் சிட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். இறக்கைகூட முறியவில்லை. புல்லைத் துடைத்து அவர் மடியில் வைத்தார். மருதப்பன் காகல்ஸைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆகலங்க. நல்ல மெஷின்தான். பையில இன்னொரு பேட்டரி இருக்கு, மாட்டட்டுமா?"

"பேட்டரி இருக்கு பாக்கியம்" என்றார் மருதப்பன். "எனக்குத்தான் பயமா இருக்கு."

கையை நீட்டி மனைவியின் கையைத் தேடினார். பாக்கியம் இடது பக்கம் நின்றிருந்தார். மருதப்பனின் கை வலது பக்கம் காலி ஸ்டூலைத் துழாவிக்கொண்டிருந்தது.